எட்டி நின்று நெருங்குதல்

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் மாலையானால் முக்குளிப்பு வழிகாட்டிகள் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு எந்த லென்ஸ், பாக் (ஐயா)?" என்பதுதான். எந்த இடத்தில் இறங்குவது, எதைத் தேடுவது என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. கரையில் படம் எடுப்பவர் தோள்பையில் மூன்று லென்ஸ் வைத்துக்கொண்டு நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். இங்கே கேமராவை ஹவுசிங் என்ற நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடியோ மணல்துகளோ ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக் கசிவு இல்லையென்று உறுதிசெய்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த லென்ஸ்தான் உங்கள் கண். எதிரே திமிங்கிலச் சுறாவே வந்தாலும் அதன் தோலில் ஒரு புள்ளியைத்தான் எடுக்க முடியும்.

லெம்பேக்கு வருபவர்கள் திமிங்கிலச் சுறாவை எதிர்பார்த்து வருவதில்லை. விரல்நகத்தைவிடச் சிறிய உயிர்களைத் தேடி வருகிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து வடக்குச் சுலவேசியின் மனாடோ, பிறகு காரில் கிழக்கே ஒரு மணி நேரம். வழியெல்லாம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் க்ளாபாட் எரிமலை ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. சாலை முடிகிற பிதுங், சூரை மீனால் வாழும் துறைமுக நகரம். மூங்கில் சட்டத்தில் கட்டிப் புகையூட்டிய சூரையை அங்கே சகலாங் ஃபுஃபு என்கிறார்கள். சந்தைக்குள் நுழைந்தால் அந்தப் புகைமணம் சட்டையில் ஏறிக்கொள்கிறது. பிதுங்குக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால், லெம்பே தீவு. இரண்டுக்கும் நடுவே சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கடல். சரக்குக் கப்பல்கள், மீன்பிடிப் படகுகள், தீவுக்கு ஆளேற்றும் சிறு படகுகள் எல்லாம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்க, அடியில் நாம் மணலைப் பார்த்தபடி கிடக்கிறோம்.

அந்த மணல் கறுப்பு. தங்கோகோ முதலான எரிமலைகள் தந்த மணல் அது. பவளத்தோட்டம் எதிர்பார்த்து வந்தவருக்கு முதல் பார்வை ஏமாற்றம்தான். சரிவான கறுப்புத் தரை, அதில் அங்கங்கே ஒரு பாட்டில், அறுந்த கயிறு, பாதி புதைந்த டயர், தேங்காய் ஓடு. இப்படி வண்டலும் குப்பையுமான தரையில் உயிர் தேடும் முக்குளிப்பை மக் டைவிங் என்று அழைக்கத் தொடங்கியவர் பப்புவா நியூ கினியில் படகு நடத்திய பாப் ஹால்ஸ்டெட். லெம்பேயை அதன் தலைநகராக்கியவர்களில் முக்கியமானவர் லாரி ஸ்மித் என்ற அமெரிக்க வழிகாட்டி. 1990-களில் குங்குங்கான் விரிகுடாவில் இருந்துகொண்டு, கறுப்பு மணலில் எதை எப்படித் தேடுவது என்று உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று படகில் எங்களோடு வரும் வழிகாட்டி அந்தப் பரம்பரைதான். வயதில் மூத்தவர் என்பதால் படகில் எல்லோரும் அவரை 'ஓம்' என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே.

மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்பது, எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பது. எவ்வளவு தூரத்தில் நிற்க விடும் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். 60 மில்லிமீட்டர் மேக்ரோவும் 105 மில்லிமீட்டர் மேக்ரோவும் ஒரே 1:1 உருவத்தைத்தான் தருகின்றன. 36 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள், முழுச்சட்ட சென்சாரின் அகலத்தை அப்படியே நிரப்பும். இரண்டுக்கும் வேறுபாடு அந்த உருவம் கிடைக்கும் தூரத்தில். நிக்கானின் 60-ஐ எடுத்துக்கொண்டால், 1:1-ல் லென்ஸின் நெற்றிக்கும் பொருளுக்கும் இடையே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். 105-ல் அது 15 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் ஹவுசிங்கின் முகப்பான போர்ட்டின் கண்ணாடி வேறு கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். கேனானின் 100, சோனியின் 90 இரண்டும் 105-இன் பக்கத்தில் சேரும்.

நீர் இதில் ஒரு உதவி செய்கிறது. மேக்ரோவுக்கு நாம் பூட்டுவது தட்டையான போர்ட். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் பொருள் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பதாக லென்ஸுக்குத் தெரிகிறது. லென்ஸ் குவிவது அந்தத் தோற்றத்தின் மேல். ஆகவே அதே 1:1 உருவத்துக்கு, நீரில் போர்ட்டிலிருந்து பொருள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளி இருக்கலாம். பரந்த காட்சிக்குத் தட்டைப் போர்ட் கெடுதல். பார்வைக் கோணத்தைச் சுருக்கி ஓரங்களில் நிறத்தைப் பிரித்துவிடும். மேக்ரோவுக்கு அது வரம். குவிமாடப் போர்ட் வாங்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்கள் மேக்ரோவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

ஆனால் அதே நீர் மறுபக்கம் இழுக்கவும் செய்கிறது. பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீரும் கூர்மையைக் கொஞ்சம், நிறத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். லெம்பேயின் நீர் ஊட்டம் நிறைந்தது. மிதக்கும் துகள் அதிகம். நெருங்கு என்கிறது நீர். நெருங்காதே என்கிறது உயிர். 60-ஆ 105-ஆ என்பதில், அன்று எதன் பேச்சைக் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்கிறோம்.

ஹேர்பால் என்ற இடத்தில் இறங்கிய காலை நான் 60 வைத்திருந்தேன். நீர் கலங்கல். ஓம் ஒரு பாசிக் கொத்தின் முன் நின்று விரலைக் காட்டினார். வெகுநேரம் எனக்குப் பாசி மட்டுமே தெரிந்தது. பிறகு அந்தப் பாசியில் ஒரு வாய் தெரிந்தது. மயிர் தவளைமீன்; என் உள்ளங்கை அளவு. உடலெங்கும் நார் நாராகத் தோல். மூக்கின் மேலே ஒரு தூண்டில். அதன் முனையில் புழுவைப் போல நெளியும் வெள்ளைச் சதை. அது நகர்வதில்லை, இரையைத் தன்னிடம் வரவைக்கிறது. இப்படிப்பட்டதற்கு 60 போதும், 60-தான் சரி. 105 வைத்திருந்தால் முழு மீனையும் சட்டத்துக்குள் கொண்டுவர முக்கால் மீட்டராவது பின்னால் போக வேண்டும். நடுவிலுள்ள கலங்கல் நீர் படத்தைச் சாம்பலாக்கியிருக்கும். தவளைமீன் இரையை விழுங்க எடுக்கும் நேரம் சுமார் 6 மில்லிவினாடி என்று அளந்திருக்கிறார்கள். என் ஷட்டர் 1/200 வினாடி, அதாவது 5 மில்லிவினாடி. வாய் திறந்து மூடுவது முழுவதும் ஏறக்குறைய ஒரு ஷட்டர் திறப்புக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பிடிப்பது திறமையைவிடக் காத்திருப்பைச் சார்ந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. தூண்டிலை முன்னே நீட்டிச் சுழற்றும் கணம் கிடைத்தது. அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபிளாம்பாயன்ட் கணவாயும் 60-க்கு ஏற்றதே. மணலில் நீந்தாமல் நடந்து செல்லும் கணவாய் அது. ஊதாவும் மஞ்சளும் வெள்ளையும் அதன் முதுகில் அலையலையாக ஓடும். தொந்தரவு செய்யாமல் கூடவே மெல்லப் போனால், நம்மைப் பொருட்படுத்தாமல் இறாலைப் பிடித்துக்கொண்டே போகும். தேங்காய் ஓட்டைச் சுமந்து திரியும் ஆக்டோபஸும் இதே தரைக்காரர்தான். வடக்குச் சுலவேசியிலும் பாலியிலும் இதைக் கண்காணித்த ஆய்வாளர்கள், முதுகெலும்பில்லா உயிர் ஒன்று பின்னால் உதவும் என்று ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சான்றாக 2009-ல் இதை வெளியிட்டார்கள். அந்த ஓடு தெரியாமல் ஆக்டோபஸின் கண்ணை மட்டும் எடுத்தால் பாதிக் கதை போய்விடும். உயிரோடு அதன் வீட்டையும் சட்டத்துக்குள் கொண்டுவரும் இடங்களில் நான் 60-ஐத்தான் நம்புகிறேன்.

நீலவளைய ஆக்டோபஸ் வேறு கணக்கு. கோல்ஃப் பந்தளவுகூட இல்லாத அதன் உமிழ்நீரில் இருக்கும் டெட்ரோடோடாக்ஸின் மனிதனின் மூச்சை நிறுத்திவிடக்கூடியது. மாற்று மருந்து கிடையாது. அமைதியாக இருக்கும்போது அதன் வளையங்கள் மங்கலாகத்தான் தெரியும். கலவரப்படும்போது நீலம் பளீரென்று எரியும். ஆகவே பளீரென்ற நீலத்தோடு உள்ள ஒவ்வொரு படமும் பயந்துபோன ஒரு உயிரின் படம். இங்கே 105-தான். அரை மீட்டர் தள்ளி, மணலில் முழங்கால் ஊன்றாமல், மூச்சை மட்டும் வைத்து மிதந்துகொண்டு எடுக்க வேண்டும். முழங்கால் ஊன்றாதே என்று சொல்வது மணலுக்காக மட்டுமில்லை. லெம்பேயில் நாம் மணல் என்று நினைப்பது சில வேளை கல்மீனின் முதுகாக இருக்கும். குழியிலிருந்து தலை நீட்டும் ஜா-ஃபிஷ், காவல் மீனோடு குடித்தனம் நடத்தும் இறால், இவையெல்லாமும் 105-இன் ஆட்கள். ஆண் ஜா-ஃபிஷ் வாய்க்குள்தான் முட்டைகளை அடைகாக்கிறது. அவ்வப்போது வாயைத் திறந்து முட்டைகளைப் புரட்டிக் காற்றோட்டம் தரும் அந்த அரை வினாடிக்காக, குழியிலிருந்து நன்றாகத் தள்ளிக் கிடக்க வேண்டும். 60-ஓடு அந்தத் தூரத்திலிருந்து எடுத்தால் மீன் பொட்டாகத்தான் இருக்கும். கிட்டே போனால் குழி மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு காலத்தில் இந்தத் தேர்வே இருக்கவில்லை. நிக்கோனாஸ் கேமரா கோலோச்சிய காலத்தில் லென்ஸுக்குப் பின்னால் நீட்டிப்புக் குழாயைச் செருகி, முன்னால் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டினார்கள். சட்டத்துக்குள் பொருள் இருந்தால் ஃபோகஸ். வியூஃபைண்டரில் பார்த்துக் குவிக்க வழியில்லை. ஓடாத கடல் நத்தைக்கும் பவளப் பூவுக்கும் அது சரியாக இருந்தது. கூச்சமுள்ள மீனின் முகத்துக்கு எதிரே கம்பியை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து மேக்ரோ படங்களில் நத்தைகள் அதிகமாகவும் மீன்கள் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஒரு வழி வெட் டயாப்டர். போர்ட்டுக்கு வெளியே கீல் வைத்து மாட்டி, நீரிலேயே கதவைப் போலத் திறந்து மூடிக்கொள்ளும் உருப்பெருக்கி. சாதாரணக் கண்ணாடி லென்ஸை நீரில் வைத்தால் அதன் சக்தி பெரும்பகுதி போய்விடும். கண்ணாடிக்கும் காற்றுக்கும் உள்ள விலகல் வேறுபாடு கண்ணாடிக்கும் நீருக்கும் இல்லை. முகமூடி இல்லாமல் நீரில் நம் கண் மங்குவதும் இதே காரணத்தால்தான். அதனால் நல்ல வெட் டயாப்டர்களைக் காற்றை உள்ளே அடைத்துச் செய்கிறார்கள். +5 என்றால் முன்னிருக்கும் லென்ஸ் முடிவிலியில் குவிந்திருக்கும்போது பொருள் 20 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். +10 என்றால் 10 சென்டிமீட்டர். அதற்கப்பால் எதுவும் தெளியாது. தூரம் மறுபடியும் நம் கையைவிட்டுப் போகிறது. இதில் 105-க்கு ஒரு அனுகூலம் உண்டு: குவியத்தூரம் கூடக்கூட ஒரே டயாப்டர் தரும் பெருக்கமும் கூடுகிறது. 60-இன் மேல் +5 மாட்டினால் வித்தியாசம் கொஞ்சம்தான். 105-இன் மேல் அதே +5 நன்றாகத் தெரியும்.

மயிர் இறாலைப் பார்க்க இது இல்லாமல் முடியாது. அரிசி மணியைவிடச் சிறியது. பாசித் துணுக்கு ஒன்று அலையில் துள்ளுகிறதென்றே தோன்றும். ஓம் தன் கறுப்புப் பலகையை அதன் பின்னால் பிடித்துக் காட்டினார். +10 மாட்டிக் குனிந்தேன். 2:1 பெருக்கத்தில் எஃப்/16 வைத்தாலும் கூர்மையாக இருக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். 1:1-லேயே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். துளையை இன்னும் சுருக்கலாமே என்றால், 1:1-ல் லென்ஸின் செயல்படும் துளை குறித்த எண்ணைவிட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் சிறிதாகிவிடுகிறது. நிக்கான் அதைத் திரையில் காட்டும், கேனான் காட்டாது. எஃப்/32-க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். டயாப்டரோடு எஃப்/16-ஐத் தாண்டுவதை நான் விரும்புவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் கண் மட்டும் விழுந்தால் போதும்.

அந்த ஒரு மில்லிமீட்டருக்குத் தானியங்கி ஃபோகஸ் துணைவராது. முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். வேண்டிய பெருக்கத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடலை ஒரு மயிரிழை முன்னே சாய்த்து, கண் தெளியும்போது அழுத்த வேண்டும். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்குக் கொடுத்துவிடுவது இதற்காகத்தான். மூச்சு உள்ளே போனால் உடல் எழும்பும், வெளியே போனால் தாழும். அந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்கப் பழக வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. முக்குளிப்பின் முதல் விதியே அதுதான்; எந்தப் படத்துக்காகவும் அதை மீற வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மீட்டர் ஆழத்திலேயே நீர் சிவப்பை விழுங்கிவிடுவதால் ஸ்ட்ரோப் என்னும் நீரடி ஃபிளாஷ் இல்லாமல் மேக்ரோ இல்லை. ஸ்ட்ரோப்களைப் போர்ட்டுக்கு ஒட்டினாற்போல வைத்தால் சிறிய பொருளுக்கு ஒளி போதும். ஆனால் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள துகள்கள் வெளிச்சம் பட்டு வெண்புள்ளிகளாகத் தெரியாதபடி, ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளைத் தொடுமாறு திருப்ப வேண்டும். ஸ்னூட் என்ற குழலை மாட்டினால் ஒளி ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கும். கறுப்பு மணலில் அதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள்: பாட்டிலும் கயிறும் இருளில் மறைந்து உயிர் மட்டும் நிற்கும். ஆனாலும் பாட்டில் இருந்தது என்பதும் உண்மை. அதற்குள் குடியிருக்கும் கோபி மீனை எடுக்கும்போது நான் ஸ்னூட்டைக் கழற்றிவிடுகிறேன்.

குள்ளக் கடல்குதிரைக்கு வருவோம். 1969-ல் நியூ கலிடோனியாவின் நூமியா காட்சியகத்துக்காகக் கடல் விசிறி சேகரித்த ஜார்ஜ் பார்ஜிபான், விசிறியை ஆராயும்போது அதன் மேல் இந்தக் கடல்குதிரைகள் இருப்பதைக் கண்டார். கடலிலிருந்து எடுத்து வந்த பிறகே கண்ணில் பட்டது, அவ்வளவு உருமறைப்பு. முழு வளர்ச்சியில் இரண்டரை சென்டிமீட்டரைத் தொடாது. விசிறியின் மொட்டுகளைப் போலவே உடலில் இளஞ்சிவப்பு முடிச்சுகள். பின்னாளில் வேறொரு குள்ள இனம் அறிவியலுக்குத் தெரியவந்தபோது, 2008-ல் அதற்கு ஹிப்போகாம்பஸ் பொன்டோஹி என்று பெயர் வைத்தார்கள். ஹென்ஸ் பொன்டோ என்ற, இதே வடக்குச் சுலவேசியின் முக்குளிப்பு வழிகாட்டியின் பெயர் அது. படங்களின் கீழே எடுத்தவர் பெயர் மட்டும் வருகிற இத்துறையில், கண்டுபிடித்துக் காட்டிய கண்ணுக்குக் கிடைத்த இந்த மரியாதை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

நாங்கள் பார்க்கப் போன விசிறி 25 மீட்டர் ஆழத்தில் இருந்தது. சாதாரணக் காற்றோடு அங்கே அரை மணி நேரம்கூட முழுதாக நிற்க முடியாது. அதற்குள் மூன்று பேர் வரிசையில். கடல்குதிரைக்கு இமை கிடையாது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இறங்குவதற்கு முன்பே ஓம் சொல்லியிருந்தார்: "ஆளுக்கு ஐந்து படம், பாக். அது திரும்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். நான் திருப்பி வைக்க மாட்டேன்." திருப்பி வைக்கும் வழிகாட்டிகள் உண்டு. இரும்புக் குச்சியால் தட்டி, நகர்த்தி, மணலிலிருந்து கிளப்பி, கேமராவுக்கு ஏற்றபடி உயிரை உட்காரவைப்பார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. நல்ல படம் கிடைத்த விருந்தினர் கூடுதல் அன்பளிப்பு தருகிறார். கிடைக்காதவர் முகம் சுளிக்கிறார். குச்சியை நகர்த்துவது அந்தப் பணம்தான்.

மார்ட்டன் டி பிரௌவர் குழுவினர் 2019-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, படமெடுப்பது உயிரை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதை நேராகவே சோதித்தது. கடல்குதிரை, தவளைமீன் போன்ற தரைவாழ் மீன்களுக்கு, ஃபிளாஷ் ஒளி தனியாக ஏற்படுத்தும் தொந்தரவு முக்குளிப்பவர் பக்கத்தில் இருப்பதால் வருவதைவிட அதிகமாக இல்லை. தொடுவதும் நகர்த்துவதும்தான் வலுவான எதிர்வினையைத் தூண்டின. ஃபிளாஷை எண்ணிக்கொண்டு கையை எண்ணாமல் விடுகிறோம் என்பது அதிலிருந்து எனக்குப் புரிந்தது. ஐந்து படம் என்ற கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். அதன் பயன், ஐந்து ஃபிளாஷோடு நாமும் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறோம் என்பது. என் ஐந்தில் மூன்று முதுகு. நான்காவதில் பக்கவாட்டில் ஒரு கண், அதுவும் 105-ஓடு, டயாப்டர் இல்லாமல். முழுச்சட்ட சென்சாரில் அது பாதிச் சட்டத்தைக்கூட நிரப்பவில்லை. சுற்றிலும் விசிறியின் கிளைகள் இருந்தன. அது வாழும் இடம் அதுதானே. இருக்கட்டும் என்று வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய பின் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் கேமராவைப் பொறுத்து மாறும். ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் முதலில் 60: சிறிய சென்சாரில் அதுவே 90-ஐப் போலச் சட்டமிடும், கலங்கல் நீரிலும் கைகொடுக்கும், ஃபோகஸ் சுறுசுறுப்பாக இருக்கும். முழுச்சட்டம் என்றால் தயங்காமல் 90-லிருந்து 105-க்குள் ஒன்று. 60 பிறகு வரட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸின் 60 கிட்டத்தட்ட எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. கைக்குள் அடங்கும் ஒலிம்பஸ் டிஜி வகைக் கேமராக்கள் ஒரு சென்டிமீட்டரில்கூடக் குவியும். விலை மேற்சொன்ன எதையும்விட வெகு குறைவு. கடல் நத்தைகளுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் ஒரு சென்டிமீட்டர் என்பது ஜா-ஃபிஷுக்கும் நீலவளையத்துக்கும் உதவாது. அவற்றின் மேல் ஆசை இருந்தால் பொறுத்து, பணம் சேர்த்து, நீண்ட லென்ஸுக்குப் போங்கள். +10-ஐ முதல் ஆண்டில் வாங்க வேண்டாம், +5 போதும். டயாப்டருக்கு எடுத்து வைத்த மீதிப் பணத்தில், தரையைத் தொடாமல் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் பயிற்சியை ஒரு நல்ல ஆசிரியரிடம் முடித்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை கேமரா அறையிலேயே இருக்கலாம். படகில் ஏறும்போது ஓம் போன்ற ஒருவர் எந்த லென்ஸ் என்று கேட்டால், முதல் சில நாட்களுக்கு "லென்ஸ் இல்லை, காட்டுங்கள் போதும்" என்று சொல்லுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் என்று அவரே காட்டிக்கொடுப்பார்.